உத்தரவு வந்த பிறகு

கடமலைக்குண்டில் எழுத்தாளன் என்றால் மனு எழுதுகிறவன் என்றுதான் அர்த்தம். நாவல் எழுதுகிறவன் என்று ஒரு பிராணி தங்கள் நடுவில் இருப்பது ஊரில் நாலைந்து பேருக்குத் தெரிந்திருக்கலாம். அவர்களும் அதைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்கள். ‘அண்ணன் நல்லா எழுதுவாரு’ என்றால் முதியோர் பென்ஷனுக்கும், பட்டா மாறுதலுக்கும், பாங்க் மானேஜருக்கும் நன்றாக எழுதுவார் என்று பொருள். இந்தப் புகழில் எனக்கு வருத்தம் கிடையாது. என் நாவல்களால் எவருக்காவது ஒரு காரியம் ஆயிற்றா என்று எனக்குத் தெரியாது. மனுக்களில் ஏழெட்டாவது பலித்திருக்கின்றன.

போன பங்குனியில் ஒரு சாயங்காலம். எங்கள் பக்கத்தில் அது இலவங்காய் வெடிக்கிற பருவம். மூல வைகையில் மணலைத் தவிர வேறொன்றும் இராது. தோப்புகளிலிருந்து பஞ்சு பறந்து வந்து திண்ணையிலும் தலையிலும் புருவத்திலும் உட்கார்ந்துகொள்ளும். அப்படிப் பஞ்சு படிந்த தலைகளோடு மூன்று பேர் படியேறி வந்தார்கள். தெருக்கோடி வீட்டுத் தம்பி, அவன் சம்சாரம், அவர்களுடைய மூத்த பையன். அந்த அம்மாள் கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. உட்காருவதற்கு முன்னாலேயே அதைத் திறந்து என் முன் நீட்டினாள். ரவா லட்டு.

“பெர்மிட் வந்துருச்சுங்கய்யா. சிங்கப்பூரு” என்றாள்.

பையன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவன். பிறகு சென்னையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் தங்கி, சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு வேண்டிய தேர்ச்சிச் சான்றிதழும் வாங்கியிருந்தான். ‘ஸ்கில் டெஸ்ட்’ என்று எங்கள் ஊரில் பாட்டிமார்கள் கூடச் சொல்வார்கள். அதற்கே அவன் தாயாரின் கழுத்துச் சங்கிலி போயிருந்தது. இப்போது உத்தரவும் வந்துவிட்டது. ஏஜெண்டுக்கு முன்பணமாக ஒன்றரை லட்சம் கொடுத்தாயிற்று. மீதி இரண்டு லட்சம். அதற்காகத் தென்னந்தோப்பை ஒத்திக்கு விடப் போகிறார்கள். அந்த ஒத்திப் பத்திரத்துக்கு வாசகம் எழுதித் தரவேண்டும். அவர்கள் என்னிடம் வந்த காரியம் இதுதான்.

“முத்திரைத்தாள் வாங்கியாச்சுண்ணே. திங்கக்கிழமைக்குள்ள பணத்தக் கட்டச் சொல்லிட்டாரு” என்றான் தம்பி.

லட்டு வாயில் இருந்தது. நல்ல நெய். ஒரு மனுஷன் வாயில் லட்டை வைத்துக்கொண்டு, ‘அந்தக் காகிதத்தைக் காட்டு’ என்று கேட்பது மரியாதைக் குறைவு போலத்தான் தோன்றுகிறது. இருந்தாலும் கேட்டேன். அப்படிக் கேட்காமல் போன ஒரு சந்தர்ப்பம் எனக்கு உண்டு.

2009-ஆம் வருஷம் என் தங்கை மகன் சிங்கப்பூருக்குப் போனான். அவனுக்கும் இப்படித்தான் காகிதம் வந்தது. வீட்டில் கிடா வெட்டினார்கள். நான் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். திருச்சி விமான நிலையம் வரை போய் வழியனுப்பினேன். ஒரு வார்த்தை கூட அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஊராருக்கெல்லாம் மனு எழுதுகிறவன், சொந்த மருமகனின் காகிதத்தை வாசிக்கவில்லை. மங்களமான சமயத்தில் கணக்குப் பார்ப்பது அபசகுனம் என்று எங்கள் வீட்டிலும் ஒரு நினைப்பு இருந்தது. அவன் போய் இறங்கிய அன்று ராத்திரியே வேறொரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். அதில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. சொன்ன சம்பளத்தில் முக்கால்வாசி கூட வரவில்லை. கேட்டதற்கு, ‘நீதானே கையெழுத்துப் போட்டாய்’ என்றார்கள். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது வாங்கின கடனில் பாதிதான் அடைந்திருந்தது. தங்கையின் தோப்பு இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. இப்போது அவன் விடியற்காலையில் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்விட்டு இருட்டி வருகிறான். என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பையன் செல்போனை எடுத்துக் காட்டினான். இரண்டு படங்கள் இருந்தன.

முதல் படம் சிங்கப்பூர் மனிதவள அமைச்சகத்தின் காகிதம். ஆங்கிலத்தில் இருந்தது. ‘ஐ.பி.ஏ.’ என்று ஆட்கள் சொல்வது இதைத்தான். கொள்கையளவில் ஒப்புதல் என்று தமிழ்ப்படுத்தலாம். அதாவது இது பெர்மிட் இல்லை. நிச்சயதாம்பூலம் மாற்றியிருக்கிறார்கள், தாலி இன்னும் ஏறவில்லை. அங்கே போய் இறங்கின பிறகு இரண்டு வாரத்துக்குள் டாக்டர் பரிசோதனை. காசம், எச்.ஐ.வி., மேகநோய், மலேரியா இவற்றுக்கெல்லாம் பார்ப்பார்கள். அதில் தவறினால் அடுத்த விமானத்தில் ஊருக்கு வரவேண்டியதுதான். அதிலே தேறி, விரல்ரேகை பதிந்து, அட்டை கைக்கு வந்தால்தான் பெர்மிட். இந்தக் காகிதத்துக்குள்ளேயே ஒரு கெடு தேதியும் போட்டிருக்கும். அதற்குள் போய்ச் சேரவேண்டும்.

நான் இதைச் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் சுண்டிவிட்டது. “அப்ப இது பொய்யாங்கய்யா?” என்றாள்.

“பொய்யில்லை தாயி. பாதிக் காரியம் ஆயிருக்கு.”

“மீதியும் ஆயிரும்” என்று டப்பாவை மூடிக்கொண்டாள்.

காகிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். முதலாளி இன்ன கம்பெனி. வேலை, கட்டடத் தொழிலாளி. அடிப்படைச் சம்பளம் மாதம் 900 வெள்ளி. படிகள் இல்லை. கழிவுகள் இல்லை. ‘எலெக்ட்ரீஷியன்’ என்ற வார்த்தை எங்கும் இல்லை. பையனுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். “அங்க போனா மாத்திக்கலாம்னு ஏஜெண்டு சொன்னாரு பெரியப்பா” என்றான். மாற்றிக்கொள்ள முடியாது. எந்த முதலாளியின் பேர், எந்த வேலை என்று எழுதியிருக்கிறதோ அதைத்தான் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கட்டடத்தில் அரைநாள் சுவர் தேய்த்துக் காசு வாங்கினாலும் அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது படம்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. அது ‘அக்ரிமெண்டு’. ஒரே பக்கம். சம்பளம் மாதம் 520 வெள்ளி என்று இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பவேண்டுமாம்.

“இதுல தொள்ளாயிரம், இதுல ஐந்நூத்தி இருபது. எது உன் சம்பளம்?”

பையன் தகப்பனாரைப் பார்த்தான். தகப்பனார் என்னைப் பார்த்தான். இருவரும் அந்த எண்களைப் பார்க்காமல் இல்லை. பார்த்திருக்கிறார்கள். பெரிய எண் அரசாங்கத்தின் காகிதத்தில் இருந்தது. அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஏஜெண்டு சொல்லி, அதை நம்பியும்விட்டார்கள். அரசாங்கத்துக் காகிதத்தில் இருப்பது ஒன்று, நமக்குக் கிடைப்பது ஒன்று என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு என்ன ஆச்சரியம்? நூறு நாள் வேலையிலிருந்து தொகுப்பு வீடு வரை அவர்கள் பார்த்ததெல்லாம் அதுதான்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் விவரம் கிடைத்தது 2018-ல். ஓர் இலக்கியக் கூட்டத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் நம் ஜில்லாக்கள் அத்தனையும் அங்கே புல்தரையில் உட்கார்ந்திருக்கும். பேச்சைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடலாம். ‘அம்புட்டுத்தேன்’ என்று ஒரு குரல் கேட்டுத் திரும்பினால் அவர் உசிலம்பட்டிக்காரர். அங்கே என்னைக் கூட்டிப்போன வாசக நண்பர் ஒரு வக்கீல். அவரிடம் என் மருமகனின் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதற்கு முந்தின வருஷம், 2017-ல், அந்த ஊர் உயர்நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பைப் பற்றிச் சொன்னார். ஒரு சீனத் தொழிலாளி போட்ட வழக்கு. ஐ.பி.ஏ. காகிதத்தில் ஒரு சம்பளம், ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த சம்பளம். கீழ்க் கோர்ட்டில் தோற்று, மேல் கோர்ட்டுக்குப் போனார். காகிதத்தில் உள்ள தொகையை அமைச்சகத்திடம் சொன்னவரே முதலாளிதான். ஆகையால் அதுவே சம்பளம் என்றுதான் முதலில் கொள்ளவேண்டும், இல்லை என்று சொல்கிற முதலாளிதான் அதை நிரூபிக்கவேண்டும் என்று நீதிபதி தீர்த்தார். தொழிலாளி ஜெயித்தார்.

“அப்படியானால் என் மருமகனுக்கு வழி உண்டா?” என்று கேட்டேன்.

வக்கீல் தலையை ஆட்டினார். சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் முறையிடவேண்டும். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள். அவன் ஊர் திரும்பி ஏழு வருஷம் ஆகியிருந்தது. “காகிதமாவது வைத்திருக்கிறாரா?” என்று கேட்டார். அதையும் வைத்திருக்கவில்லை.

இன்னொரு விஷயமும் சொன்னார். அதைத்தான் நான் மனசில் முடிந்து வைத்திருந்தேன். அமைச்சகத்துக்குச் சொன்ன சம்பளத்தை முதலாளி தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அதை அமைச்சகத்துக்கும் தெரிவிக்கவேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் ‘ஃபார்மாலிட்டி’ என்று சொல்லி ராத்திரி நேரத்தில் நீட்டுகிறார்கள். கடமலைக்குண்டில் அதற்கு ராத்திரி வரை கூடக் காத்திருக்கவில்லை. லட்டுப் பிடிக்கிற சமயம் பார்த்துச் செல்போனிலேயே அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டு மரப்பெட்டியில் ஒரு தகர வில்லை கிடக்கிறது. ஓட்டை போட்டுக் கயிறு கோத்த, காசு அளவு வில்லை. என் பாட்டனாரின் தம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது கழுத்தில் தொங்கியது. எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத் துரைமார்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. கழுத்தில் உள்ள எண்ணைப் பார்த்து ஆளை இன்ன தோட்டத்துக்கு என்று அனுப்பிவிடுவார்கள். ரயிலுக்கும் கப்பலுக்கும் ஆன செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவார்கள். தோட்டம் அதைக் கங்காணியின் தலையில் எழுதும். கங்காணி ஆளின் தலையில் எழுதுவான். பிறகு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டுமானால் துரையிடம் ‘துண்டு’ வாங்கவேண்டும். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று எழுதிய காகிதம். யாருடைய கடனோ அவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. 1921-ல் சட்டம் போட்டுத் துண்டு முறையை எடுத்தார்கள். சின்னப் பாட்டனார் திரும்பி வந்தபோது தகர வில்லையை மட்டும் கொண்டுவந்தார். எதற்காக அதைப் பத்திரப்படுத்தினார் என்று எனக்குச் சின்ன வயசில் புரிந்ததில்லை. இப்போதும் நிச்சயமாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நமது பையனுக்கு வாசிக்கத் தெரியும். ஐ.டி.ஐ. படித்தவன். அதுமட்டுமல்ல, அமைச்சகம் இந்தக் காகிதத்தைத் தொழிலாளியின் தாய்மொழியிலும் தருகிறது. ஆள் புறப்படும் முன்னாலேயே முதலாளி அதை அனுப்பவேண்டும் என்பது விதி. “தமிழ்க் காயிதம் ஒண்ணு இருக்கும். ஏஜெண்டுகிட்டக் கேளு” என்றேன். அவன் கேட்டு எழுதினான். அரைமணி நேரத்தில் வந்துவிட்டது! கேட்டவுடனே வருகிற காகிதம், கேட்காததினாலேயே வராமல் இருந்திருக்கிறது. அதில் எல்லாமே தெளிவான தமிழில் இருந்தது. இந்தியாவில் எனக்குத் தெரிந்த எந்தச் சர்க்கார் தமிழையும்விட நல்ல தமிழ் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தகப்பனாரும் மகனும் அதைத் தலையோடு தலை முட்ட வாசித்தார்கள். தம்பி தேங்காய்க் கணக்குப் பார்த்துப் பழகியவன். மனக்கணக்கில் கெட்டிக்காரன்.

“மாசம் முந்நூத்தி எம்பது கொறையுது” என்றான். விரலை மடக்கினான். “ரெண்டு வருசத்துக்கு ஒம்பதாயிரத்தி நூத்தி இருவது வெள்ளி.” ரூபாயில் ஐந்தரை லட்சத்துக்குக் குறையாது. அவர்கள் ஏஜெண்டுக்குக் கொடுக்கிற மொத்தத் தொகையையும் அடைத்து, தோப்பையும் மீட்டு, சங்கிலியும் வாங்கலாம்.

அந்த அம்மாள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஐந்நூறாவது வருமில்ல? இங்க அதுவும் இல்லியே” என்றாள். இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மைதான். இங்கே அதுவும் இல்லை. இந்த நியாயத்தின்மேல்தான் ஏஜெண்டுகளின் மாடிவீடுகள் எழும்புகின்றன.

“கையெழுத்துப் போடாதே. முதலில் கேள்” என்றேன்.

பையன் அங்கேயே போன் போட்டான். ஒலிபெருக்கியில் வைத்தான். ஏஜெண்டின் குரல் மிகவும் இனிமையாக இருந்தது.

“தம்பி, அது கவர்மெண்டுக்குக் காட்டுற கணக்கு. இது நமக்குள்ள. எல்லாரும் போட்டுட்டுத்தான் போறாங்க.”

“தமிழ்க் காயிதத்துல தொள்ளாயிரம்னு இருக்குண்ணே. அதுக்கு மாறா நான் எப்புடிக் கையெழுத்துப் போடுறது?”

குரலில் இருந்த சர்க்கரை கரைந்தது. “யாரு இதெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுக்குறது? உனக்கு வேணாம்னா சொல்லு. உன் எடத்துக்குப் பத்துப் பேரு நிக்கிறான். பெர்மிட்டக் கேன்சல் பண்ணச் சொல்லிருவேன்.”

பையனின் கை நடுங்கியது. ஆனாலும் மரியாதையாக, “யோசிச்சுச் சொல்றேண்ணே” என்று வைத்தான். எனக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான். அவன் மிரட்டினது வெறும் மிரட்டல் இல்லை. முதலாளி நினைத்தால் இந்த ஒப்புதலை ரத்து செய்துவிட முடியும். விண்ணப்பம் போட்டவர் முதலாளி. மனு நிராகரிக்கப்பட்டாலும் மறுபரிசீலனை கேட்கிற உரிமை அவருக்குத்தான். இந்தப் பையனுக்கு அதில் பேச்சே கிடையாது. அந்த ஒப்புதல் அவன் பேரில் இருக்கிறதே தவிர அவன் கையில் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. பையனின் தோப்பு இன்னும் அவர்களுடையது. மீதிப் பணம் இன்னும் அவர்கள் பெட்டியில். பையன் இன்னும் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். விமானம் ஏறிவிட்டால் இந்த மூன்றும் போய்விடும். பேரம் பேசுவதற்கு அவனுக்கு இருக்கிற காலம், காகிதம் வந்த நாளுக்கும் விமானம் ஏறுகிற நாளுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில நாட்கள்தான். எங்கள் ஊரில் அந்த நாட்களைக் கிடா வெட்டுவதிலும் பெட்டி வாங்குவதிலும் செலவழிக்கிறோம். நானும் அப்படிச் செலவழித்தவன்.

ஒத்திப் பத்திரத்தை எழுதாமல் முத்திரைத்தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மாள் டப்பாவை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள்.

அப்புறம் பத்து நாள் ஒரு சேதியும் இல்லை. ஏஜெண்டு போனை எடுக்கவில்லை. ஊரில் என்னைப் பற்றிப் பேச்சுக் கிளம்பியது. ‘அவரு வீட்டுப் பிள்ளை போயிக் கெட்டுச்சு, அதான் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் போகவிடாமப் பண்றாரு’ என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. அப்படியும் இருக்குமோ என்று ராத்திரிகளில் என்னையே கேட்டுக்கொண்டேன். ஒரு நாவலில் இப்படி ஒரு கிழவனை நான் எழுதியிருந்தால், அவன் மேல் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அந்தப் பத்து நாளில் பையன் சும்மா இருக்கவில்லை. அமைச்சகத்தின் வலைத்தளத்தில் பார்த்துக் காகிதம் உண்மையானதுதான் என்று உறுதி செய்துகொண்டான். இது மிகவும் அவசியம். போலிக் காகிதத்தை நம்பிப் போய் விமான நிலையத்தில் நின்றவர்கள் உண்டு. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி டூரிஸ்ட் விசாவில் போன தமிழ்ப் பிள்ளைகள் மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் அகப்பட்டுக்கொண்டார்களே, அவர்களுக்கு வேலை உத்தரவு என்று ஒரு காகிதமே கிடையாது. அதற்கு இந்தப் பையன் எவ்வளவோ தேவலை. நம் ஏஜெண்டின் பேரை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் பட்டியலிலும் தேடினான். இல்லை. 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கலாம். அவரும் முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். சிங்கப்பூரில் இருக்கிற ஏஜெண்டுக்கும் 2011-லிருந்து ஓர் உச்சவரம்பு உண்டு: வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. முதலாளி ஆறு மாதத்துக்குள் ஆளை நீக்கிவிட்டால் அதிலும் பாதியைத் திருப்பித் தரவேண்டும். இந்தக் கணக்கெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் மூன்றரை லட்சம் எந்தத் துளை வழியாக வருகிறது என்று தம்பிக்கு விளங்கவில்லை. ஏஜெண்டு முன்பு சொல்லியிருந்த விளக்கம், ‘அங்க கம்பெனி உனக்காக அஞ்சாயிரம் வெள்ளி டெபாசிட் கட்டுது, மாசாமாசம் வரி கட்டுது, இன்சூரன்சு எடுக்குது’ என்பது. கட்டுவது உண்மைதான். ஐயாயிரம் வெள்ளிப் பிணைத்தொகை உண்டு, தொழிலாளர் வரி உண்டு, 2023-லிருந்து வருஷத்துக்கு அறுபதாயிரம் வெள்ளிக்கு வைத்திய இன்சூரன்ஸும் உண்டு. எல்லாம் முதலாளியின் பொறுப்பு. அதில் ஒரு காசு கூடத் தொழிலாளியிடமிருந்து வாங்கக் கூடாது.

பதினோராம் நாள் ஏஜெண்டே போன் செய்தார். கம்பெனிக்கு அவசரமாக ஆள் வேண்டியிருந்ததோ, காகிதத்தில் உள்ள கெடு நெருங்கியதோ, எனக்குத் தெரியாது. “அந்த அக்ரிமெண்டு வேணாம். டிக்கெட் போடவா?” என்று மட்டும் கேட்டாராம். மீதிப் பணத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ரசீது தரவும் மறுத்துவிட்டார். நான் கேட்டுக்கொண்டபடி தம்பி அதைப் பாங்க் மூலமாக அனுப்பினான். அந்த மட்டில் ஒரு சாட்சி. ஒத்திப் பத்திரத்தையும் நானே எழுதிக்கொடுத்தேன். ஐந்து வருஷம் என்று இருந்ததை இரண்டு வருஷம் என்று மாற்றவைத்தேன். சட்டத்துக்கு ஒவ்வாத ஒரு பணத்தைக் கொடுப்பதற்காக இவ்வளவு சட்டபூர்வமான வாசகம் எழுதியது எனக்கே வேடிக்கையாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஐந்நூறாவது வருமில்ல என்று அந்த அம்மாள் கேட்டது காதிலேயே இருந்தது.

வைகாசியில் திருச்சியிலிருந்து போனான். போவதற்கு முன்னால் இரண்டு காகிதத்தையும் நாலு நாலு பிரதி எடுக்கச் சொன்னேன். ஒன்று அவன் பையில், ஒன்று அவன் சட்டைக்குள், ஒன்று வீட்டில், ஒன்று என் மரப்பெட்டியில். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுக்காதே, அதை வாங்கி வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை என்றேன். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வரவேண்டும், விவரமான சம்பளச் சீட்டும் தரவேண்டும். அந்தச் சீட்டை எனக்குப் படமெடுத்து அனுப்பு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு காதில் ஏறிற்றோ. விமானம் ஏறப்போகிற பிள்ளைக்கு எதுவும் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் நான் என் மருமகனுக்குக் கடிகாரத்தின் சாவி எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பரிசோதனையில் தேறினான். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைக்கிறார்களாம், 2018-லிருந்து நடக்கிறது. தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார்களாம். “நீங்க சொன்னதையேதான் பெரியப்பா அவங்களும் சொன்னாங்க” என்று எழுதியிருந்தான். இதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரம்பலூர்ப் பையன் இவன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கும் இப்படி ஒண்ணு இருந்துச்சா?” என்று கேட்டானாம்.

ஆடி மாதத்தில் முதல் முழுச் சம்பளச் சீட்டு வந்தது. தம்பி அதைக் கொண்டுவந்து காட்டினான். கூடவே அந்த அம்மாளும் வந்தாள்; பங்குனிக்குப் பிறகு அன்றைக்குத்தான் எங்கள் திண்ணையில் காலை வைத்தாள். டப்பா இல்லை. ஒரு நார்ப்பெட்டியில் ஐந்தாறு தேங்காய் இருந்தது. “ஒத்தித் தோப்புக் காயி இல்லீங்கய்யா. வீட்டுக் கொல்லையில காய்ச்சது” என்று முன்கூட்டியே சொன்னாள்.

அடிப்படைச் சம்பளம் 900 என்று இருந்தது. கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு போட்டிருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியில் மட்டும் ‘இதரக் கழிவு 40’ என்று ஒன்று. அமைச்சகத்தின் காகிதத்தில் கழிவு இல்லை என்று இருப்பதை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். சாப்பாட்டுக்கா, தங்குமிடத்துக்கா, செருப்புக்கா, எதற்கு இந்த நாற்பது என்று கேட்டுப் பையனுக்கு எழுதினேன்.

“போன்ல கேக்க வேணாம் பெரியப்பா, ஞாயித்துக்கெழம சூப்பர்வைசருகிட்ட நேர்ல கேட்டுச் சொல்றேன்” என்று பதில் வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. நாளைக்கு மறுபடியும் எழுதவேண்டும்.